எல்லைக்கோட்டில் ஒரு பண்ணை

அமெரிக்க நாட்டில் பள்ளி மாவட்டம் என்பது தனக்கென எல்லையும், நிர்வாகக் குழுவும், பள்ளி வரியும் உடைய ஒரு பரப்பாகும். ஆகவே அங்கே ஒரு பள்ளியின் நிலையை அறிய விரும்புவோர், முதலில் அவ்வட்டார மக்களின் தொகையையும் வருவாயையும் அறிதல் வேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தென் கரோலினா மாநிலத்துக் கிளாரெண்டன் கவுண்டி. அதிலும் சம்மர்ட்டன் என்ற சிற்றூரைச் சார்ந்த 22ஆம் எண் பள்ளி மாவட்டம்.

பருத்தி விளையும் பூமி அது. 1950இல் கவுண்டியில் ஏறத்தாழ 32,000 பேர் வாழ்ந்தனர். பத்தில் ஏழு பேர் கறுப்பின மக்கள். நிலமோ பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்தது. கறுப்பினக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஆண்டு வருமானம் 1,000 டாலரைக்கூட எட்டவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் 6,531 பேருக்கு 61 பள்ளிகள். வெள்ளையர் பிள்ளைகள் 2,375 பேருக்கு 12 பள்ளிகள். இவ்வெண்களை முதன்முறை படித்தபோது, 61 என்பதைக் கண்டு நானும் ஏமாந்தேன். அவற்றுள் பல, ஓரிரு ஆசிரியர்களே பணிபுரிந்த மரக்கொட்டகைகள். 61 கட்டடங்களின் மொத்த மதிப்பு 2 இலட்சம் டாலருக்கும் குறைவு. 12 கட்டடங்களின் மதிப்போ 6,73,850 டாலர். 1949–50இல் வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்குச் செலவிட்ட தொகை 179 டாலர். கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர்.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள் ஓடின. மற்றவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் பணம் திரட்டிப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினர். அது அடிக்கடி பழுதுபட்டு நின்றது. உதவி கேட்டபோது, கறுப்பின மக்கள் செலுத்தும் வரி சொற்பம் என்று கூறி மறுத்தனர். நிலத்தையும் கூலியையும் தம் கையில் வைத்திருந்தவர்களே இக்காரணத்தைக் கூறினர் என்பதைக் கவனியுங்கள்.

1948இல் லீவை பியர்சன் என்னும் உழவர், போதகர் ஜோசப் டிலேய்ன் அளித்த ஊக்கத்தால், பேருந்து கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய பண்ணை பள்ளி மாவட்டங்களின் எல்லைக்கோட்டில் கிடந்தது. பிள்ளைகள் படித்த மாவட்டம் வேறு, அவர் வரி செலுத்திய மாவட்டம் வேறு என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டனர். வழக்கு முடிந்தும் தொல்லை முடியவில்லை. கடைகளில் அவருக்குக் கடன் நின்றது. அறுவடை இயந்திரத்தை வாடகைக்குத் தர எவரும் இசையாமையால், விளைந்த தானியம் வயலிலேயே கெட்டது.

இதைக் கண்ணாரக் கண்ட பின்னரும் 20 பெற்றோர் புதிய வழக்கில் கையொப்பமிட்டனர் என்பதே எனக்குப் பெருவியப்பு. முதற்பெயர் ஹாரி பிரிக்ஸ். முன்னாள் கடற்படை வீரர். அவரும் அவர் மனைவியும் வேலை இழந்தனர். வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வாதாடினார். 1951இல் நீதிபதிகள் இருவர், பள்ளிகளைச் சமமாக்கினால் போதும் என்றனர். வேரிங் என்ற மூன்றாமவர், பிரித்து வைப்பதே சமமின்மை என்று தனித்துத் தீர்ப்பெழுதினார்.

1954 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே கூறியது. கன்சாஸ் வழக்கும் உடன் சேர்ந்திருந்தமையால், அத்தீர்ப்புக்குப் பிரவுன் என்ற பெயரே நிலைத்தது. பிரிக்ஸ் பிழைப்புத் தேடிப் புளோரிடா சென்றார். சம்மர்ட்டனில் வெள்ளையர் பள்ளியின் கதவு 1965இல்தான் கறுப்பின மாணவர் சிலருக்குத் திறந்தது. அவ்வாண்டே வெள்ளையர் தமக்கெனத் தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்கினர்.