யார் அந்த நடிகை?

“மூன்றெழுத்து நடிகை, கேரளத்து வரவு, பெரிய ஹீரோவோடு மனஸ்தாபமாம்!” கிசுகிசுப் பத்தியில் இப்படி இரண்டு வரி வந்தால் போதும், டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெயரை ஒளித்துக் குறிப்புகளை மட்டும் தூவும் இந்த வித்தை கோடம்பாக்கத்தின் கண்டுபிடிப்பு அல்ல. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் சீமாட்டிகளின் வரவேற்பறையில் அது சக்கைப்போடு போட்டிருக்கிறது.

1649இலிருந்து 1653 வரை மதலேன் த ஸ்கூதெரி என்ற பெண்மணி பத்து பாகங்களில் ஒரு நாவல் எழுதினார். அட்டையில் இருந்தது அண்ணன் பெயர். கதை நடப்பது பழைய பாரசீகத்தில். பாத்திரங்களோ அத்தனையும் பாரிஸ் பிரமுகர்கள். கடைசி பாகத்தில் கிரேக்கக் கவி சாஃபோவாகத் தன்னையே நுழைத்துக்கொண்டார். யார் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் வாசகர்களுக்கு ருசி.

லண்டன்காரர்கள் இதில் காசு பார்த்தார்கள். 1709இல் டெலாரிவியர் மான்லி, ‘நியூ அட்டலாண்டிஸ்’ என்று ஒரு கற்பனைத் தீவின் பெயரில் இங்கிலாந்துப் பெரிய மனிதர்களின் வண்டவாளங்களை எழுதினார். எந்தப் பெயருக்குள் எவர் ஒளிந்திருக்கிறார் என்ற விடைத்தாள் தனியாக வெளியானது. நோட்ஸ் போடும் தொழில் அப்போதே உண்டு! மான்லியைக் கைது செய்தார்கள். எல்லாம் கற்பனை என்று சாதித்தார், கடைசியில் விட்டுவிட்டார்கள்.

இந்த ஆட்டத்துக்குள் நடிகைகளும் வந்தார்கள். 1779இல் டுரூரி லேன் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் பெர்டிட்டாவாக நடித்த மேரி ராபின்சன் மீது பட்டத்து இளவரசருக்கு மையல். நாடகத்துக் காதலன் ஃப்ளோரிசெல் பெயரில் இளவரசர் கடிதம் எழுத, விஷயம் கசிந்தது. அதன்பிறகு பத்திரிகைகளுக்கும் கேலிச்சித்திரக்காரர்களுக்கும் அவர் பெர்டிட்டாதான். சொந்தப் பெயரை அச்சிடவே வேண்டியிருக்கவில்லை.

சினிமா வந்ததும் ஆட்டம் தலைகீழானது. அமெரிக்காவின் பயோகிராஃப் கம்பெனி தன் நடிகர்களின் பெயரை வெளியிடவே மறுத்தது. பெயர் தெரிந்தால் புகழ் வரும், புகழ் வந்தால் சம்பளம் கேட்பார்கள் என்ற முதலாளிக் கணக்கு. ரசிகர்கள் விடுவார்களா? முகத்தை வைத்து அடையாளம் பிடித்து, ‘பயோகிராஃப் பெண்’ என்று தாங்களே பெயரிட்டு, யாரிவர் என்று கடிதமாக எழுதித் தள்ளினார்கள். பிரிட்டனில் அந்தப் படங்களை விநியோகித்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். பெயர் இல்லாத நடிகைகளுக்குத் தாங்களே பெயர் சூட்டி விற்றார்கள். பிளான்ச் ஸ்வீட் அங்கே ‘டாஃப்னே வெய்ன்’ ஆனார்.

அந்தப் பயோகிராஃப் பெண்ணின் பெயர் ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ். அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டவர் கார்ல் லெம்லி, பின்னாளில் யுனிவர்சல் ஸ்டூடியோவைத் தொடங்கியவர். 1910இல் லாரன்ஸ் டிராம் விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி. உடனே லெம்லி, இது பொய், எங்கள் நட்சத்திரம் நலம் என்று பெயரும் படமும் போட்டு விளம்பரம் கொடுத்தார். வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. செயின்ட் லூயிஸ் நகரில் லாரன்ஸை நேரில் காட்டியபோது கூட்டம் நெரித்துத் தள்ளியது.

1950 பிப்ரவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி இந்த ஆட்டத்துக்கு விதிமுறை வகுத்தது. ‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியில் நடுவர்களின் கண்ணைக் கட்டிவிடுவார்கள். நட்சத்திரம் வந்து கரும்பலகையில் கையெழுத்திடுவார். அரங்கம் கைதட்டலில் அதிரும். கேள்விக்கு ஆம், இல்லை மட்டுமே பதில். ஒவ்வொரு ‘இல்லை’க்கும் ஐந்து டாலர், பத்து ‘இல்லை’ வந்தால் விருந்தாளிக்கே வெற்றி. குரல் காட்டிக்கொடுக்குமே என்று எலிசபெத் டெய்லர் கீச்சுக்குரலில் பேசிப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நடுவர்களில் ஒருவர் டோரதி கில்கேலன். நியூயார்க்கில் கிசுகிசுப் பத்தி எழுதியே பேர் வாங்கியவர்! மறுவருடமே பிபிசியும் தன் பங்குக்கு இதை ஆரம்பித்தது.

2007இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் உருவாக்கிய ‘அகினேட்டர்’ பூதம் நடுவர் வேலையையும் பிடுங்கிக்கொண்டது. நீங்கள் ஒரு நடிகையை மனதில் நினைத்தால் போதும். அது கேட்டுக் கேட்டே பிடித்துவிடும்.

ஆனாலும் மனிதர் போடும் புதிர்தான் எனக்குப் பிடிக்கும். கஷ்டமான குறிப்பு முதலில் வர வேண்டும், ஊரறிந்தது கடைசியில். இதோ ஒன்று. சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்தவர். கொழும்பு மேடையில் தன்னோடு நடித்த பாடகரையே மணந்தவர். 1935இல் ஆண் வேடத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியவர். 1953இல் ஜெமினி படத்தில் தமிழ்ப் பாட்டியாக வந்தவர். இரண்டாவது குறிப்பிலேயே பிடித்தவர்கள் விடையைச் சொல்லிவிடாமல், முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.