அமெரிக்கக் கார்: சறுக்கியது ஏன்? குறை யார்மேல்?

அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கும் முன்னாள் ஃபோர்ட் தொழிற்சாலைக்குப் பள்ளிக்கூட நாள்களில் நீங்களும் போயிருக்கலாம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். அதனால்தான் மாணவர்களை அழைத்துப் போகிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டடம் முதலில் எதற்காகக் கட்டப்பட்டது? கார் செய்ய. 1941 அக்டோபரில் திறந்தபோது அதுதான் தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை. 1980இல் மூடிவிட்டார்கள்.

இன்று உங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கார்ப்பேட்டையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டொயோட்டா, ஹோண்டா, ஹியூண்டே, இப்போது புதிதாக பிஒய்டி. ஃபோர்ட் எங்கே? ஷெவ்ரலே எங்கே? தேடித்தான் பார்க்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி, ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமாக ஜிஎம்) என்ற ஒரே நிறுவனத்தின் கார்கள். 2009இல் அந்தப் பங்கு 20 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே ஆண்டு அந்த நிறுவனம் நொடித்துப்போனது.

எப்படி ஆனது இப்படி? இதைப் பற்றி அமெரிக்கர்களிடம் கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் கை நீட்டுவார்கள்.

2008இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு கோடைக்காலத்தில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. பெரிய எஸ்யுவி வாங்கியவர்களுக்குக் கையைக் கடித்தது. அடுத்த சில மாதங்களில் வங்கிகள் ஆட்டம் கண்டன, கார்க் கடன் கிடைப்பதே கஷ்டமானது.

2007இல் 16 மில்லியன் புதிய வாகனங்களை வாங்கிய நாடு, 2009இல் 10.4 மில்லியன்தான் வாங்கியது.

நவம்பர் 2008. ஜிஎம், ஃபோர்ட், கிரைஸ்லர் ஆகிய மூன்றின் தலைவர்களும் 25 பில்லியன் டாலர் உதவி கேட்டு வாஷிங்டன் போனார்கள். எப்படிப் போனார்கள் தெரியுமா? ஆளுக்கொரு தனி விமானத்தில். கடன் கேட்கப் போகிறவர் சொகுசு விமானத்தில் வந்து இறங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? நாடாளுமன்ற உறுப்பினர்கள் வறுத்தெடுத்தார்கள். அடுத்த மாதம் மறுபடி போனபோது, மூவரும் டெட்ராய்ட்டிலிருந்து காரிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

டிசம்பரில் அதிபர் புஷ் 17.4 பில்லியன் டாலர் கடன் கொடுத்தார். போதவில்லை. கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30இலும் ஜிஎம் ஜூன் 1இலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. பான்டியாக், சேட்டர்ன், ஹம்மர் என்று சில பெயர்கள் அதோடு முடிந்தன. கிரைஸ்லர் மட்டுமே 789 விற்பனை முகவர்களுடன் உறவை முறித்துக்கொண்டது. சின்ன ஊர்களில் இரண்டு தலைமுறையாகக் கார் விற்ற குடும்பங்களும் அதில் அடக்கம்.

ஃபோர்ட் மட்டும் தப்பித்தது. 2006இலேயே, வங்கிகள் தாராளமாக இருந்தபோதே, 23 பில்லியன் டாலருக்கு மேல் கடன் வாங்கி வைத்திருந்தது. அதற்கு அடமானம் வைத்த சொத்துகளில், காரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்த நீல முட்டைச் சின்னமும் ஒன்று!

சரி, குறை யார்மேல்?

"தொழிலாளர்கள்தான். ஒரு மணி நேரத்துக்கு 70 டாலர் சம்பளமாமே?" அப்போது ஆக அதிகம் கேட்ட குரல் இது. ஆனால் இந்த 70 டாலர் கணக்கு சரியில்லை. அனுபவமுள்ள தொழிலாளி கையில் வாங்கியது மணிக்கு 28 டாலர் அளவுதான். மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம், அதோடு எப்போதோ ஓய்வுபெற்றுப் போனவர்களின் செலவு எல்லாவற்றையும் சேர்த்து, இன்று வேலை செய்பவர் தலையில் வகுத்துப் போட்டால்தான் 70 வரும்.

அதற்காகத் தொழிற்சங்கத்தின் மேல் குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேலை இல்லாமல் ஆலை சும்மா கிடந்தாலும், ஊழியருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி கிடைக்கும்படி ஓர் ஏற்பாடு 1980களில் வந்தது. விற்பனை ஓடும்வரை யாரும் கவலைப்படவில்லை.

மருத்துவச் செலவு இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் ஊழியரின் மருத்துவக் காப்புறுதியைப் பெரும்பாலும் முதலாளிதான் ஏற்க வேண்டும். ஜிஎம் விற்ற ஒவ்வொரு காரிலும் சுமார் 1,500 டாலர் அதற்கே போனது. ஜப்பானில் அரசாங்கம் நாடு முழுவதற்கும் காப்புறுதித் திட்டம் நடத்துவதால், அங்குள்ள நிறுவனங்களுக்கு இந்த அளவு சுமை இல்லை.

நிர்வாகம்? என் கணக்கில் பெரிய பங்கு இவர்களுடையதுதான். லாபம் எஸ்யுவியிலும் பிக்கப்பிலும் கொட்டியதால், சின்னக் காரை ஏனோதானோ என்று செய்தார்கள். 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை எகிறியபோதே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1979இல் கிரைஸ்லர் ஒருமுறை அரசாங்கத்திடம் கையேந்தியும் ஆயிற்று. பெட்ரோல் விலை இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது.

இதில் ஒரு கோழிக் கதையும் உண்டு. நிஜமாகவே கோழிதான். 1960களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலடியாக அமெரிக்கா, வெளிநாட்டு சிறு லாரிகளுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்துவிட்டது. 1964இல் நடப்புக்கு வந்த லாரி வரி இன்னும் போகவில்லை. போட்டியே இல்லாத இடத்தில் பிக்கப் விற்றுச் சம்பாதிக்க முடியும்போது, டொயோட்டா கரோலாவோடு மல்லுக்கட்ட யாருக்கு மனம் வரும்?

கோபம் ஆளைக் கொன்றபோது

ஆலைகள் மூடியதும் பலருடைய கோபம் ஜப்பான்மேல் திரும்பியது. ஜப்பானியக் காரைச் சம்மட்டியால் உடைப்பது ஒரு பொழுதுபோக்கு மாதிரி ஆனது.

1982 ஜூனில் டெட்ராய்ட் பகுதியில் வின்சன்ட் சின் என்ற 27 வயது இளைஞர், திருமணத்துக்குச் சில நாள் முன்பு நண்பர்களுடன் வெளியே போயிருந்தார். அங்கே தொடங்கிய சண்டையில் இருவர் அவரைத் துரத்திப் பிடித்து பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாளில் இறந்துபோனார். அடித்தவர்களில் ஒருவர் கிரைஸ்லர் ஆலையில் மேற்பார்வையாளர். மற்றவர் கார் ஆலை வேலையை இழந்தவர்.

வின்சன்ட் சின் ஜப்பானியரே இல்லை. சீன வம்சாவளி அமெரிக்கர்.

நீதிமன்றம் இருவருக்கும் சிறைத்தண்டனை கொடுக்கவில்லை. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 3,000 டாலர் அபராதம். அவ்வளவுதான். ஆசிய அமெரிக்கர்கள் நாடு முழுவதும் ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்கத் தொடங்கியது இந்த வழக்குக்குப் பிறகுதான். 'கார் எங்கே செய்தது' என்ற பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது இன்று நிறையப் பேருக்கு ஞாபகமில்லை.

ஒரே ஆலை, இரண்டு பெயர்

இந்த விவகாரத்தில் எனக்கு ஆகப் பிடித்த கதை கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் நடந்தது.

அங்கிருந்த ஜிஎம் ஆலைக்குப் பேர் கெட்டுப்போயிருந்தது. ஆள்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு மட்டம் போடுவார்கள், வேலை நேரத்திலேயே குடி வேறு. 1982இல் மூடினார்கள். 1984இல் ஜிஎம்மும் டொயோட்டாவும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

முன்பு, என்ன பிழை நேர்ந்தாலும் உற்பத்தி வரிசையை நிறுத்தக்கூடாது. கோணலாகப் பொருத்திய பாகம் அப்படியே நகர்ந்து போகும், கடைசியில் யாராவது சரிசெய்து கொள்ளட்டும் என்பது வழக்கம். டொயோட்டா முறையில், பிழையைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். உதவிக்கு ஆள் வரும். தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். திட்டு விழாது.

அதே ஆள்கள், அதே சங்கம். சீக்கிரமே ஜிஎம்மின் சிறந்த ஆலைகளில் ஒன்றாக அது பெயர் வாங்கியது. "தொழிலாளி சரியில்லை" என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஆலையில் டொயோட்டா கரோலாவும் செய்தார்கள், கிட்டத்தட்ட அதே காரை 'பிரிசம்' என்ற பெயரில் ஜிஎம்முக்கும் செய்தார்கள். ஒரே கூரை, ஒரே கைகள். ஆனால் மக்கள் கரோலாவுக்குத்தான் கூடுதல் விலை கொடுத்தார்கள். பழைய காராக விற்கும்போதும் கரோலாதான் முந்தியது. நல்ல கார் செய்தால் மட்டும் போதவில்லை, ஒருமுறை போன நம்பிக்கை அவ்வளவு லேசில் திரும்பவில்லை.

2010இல் அந்த ஆலை மூடியது. இப்போது அதே இடத்தில் கார் செய்வது யார் தெரியுமா? டெஸ்லா.

எது அமெரிக்கக் கார்?

"நம் நாட்டுக் காரை வாங்குங்கள்" என்பது அங்கே பழைய முழக்கம். ஆனால் ஹோண்டா 1982இலிருந்து ஒஹையோவில் கார் செய்கிறது. டொயோட்டா கேம்ரி கென்டக்கியில் தயாராகிறது. அமெரிக்கப் பெயர் தாங்கிய எத்தனையோ பிக்கப் மெக்சிகோவிலிருந்து வருகிறது. கிரைஸ்லரை இப்போது வைத்திருக்கும் ஸ்டெலான்டிஸ் நிறுவனத்தின் தலைமையகம் நெதர்லாந்தில்.

ஒவ்வொரு புதிய காரிலும் எத்தனை விழுக்காடு பாகங்கள் அமெரிக்கா, கனடாவில் செய்தவை என்று எழுதி ஒட்ட வேண்டும் என 1992இல் சட்டமே போட்டார்கள். அதைப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

2008இல் உதவி கூடாது என்று உரக்கப் பேசியவர்களில் அலபாமா மாநில செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி ஒருவர். அவருடைய மாநிலத்தில் மெர்சிடிஸ், ஹோண்டா, ஹியூண்டே ஆலைகள் இருந்தன. அங்கே வேலை பார்ப்பவரும் அமெரிக்கர்தானே?

அங்கே கார் வாங்குவது எப்படி?

நம்மூரில் சிஓஇ ஏலத்திலேயே பாதி உயிர் போய்விடும். அங்கே அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு.

பெரும்பாலான மாநிலங்களில், முகவர்கள் வைத்து விற்கும் நிறுவனம் வாடிக்கையாளரிடம் நேரடியாக விற்கக்கூடாது என்று சட்டம். கார் வரிசையாக நிற்கும் பெரிய திடலுக்குப் போய்ப் பேரம் பேச வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைத்தாள் 1958இல் வந்த சட்டத்தால் கட்டாயமானது. அதற்கு முன் முகவர் வாய்க்கு வந்ததுதான் விலை.

விலைத்தாள் இருந்தும் உஷாராக இருக்க வேண்டும். விற்பனையாளர் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" பதில் சொன்னால் மாட்டிக்கொண்டீர்கள். தவணையை 72 மாதம், 84 மாதம் என்று இழுத்து, நீங்கள் சொன்ன தொகைக்குள் அடக்கிவிடுவார். காரின் மொத்த விலை எங்கோ போயிருக்கும்.

சிங்கப்பூரில் கார்க் கடன் ஆக அதிகம் 7 ஆண்டு. காரின் சந்தை மதிப்பைப் பொறுத்து விலையில் 60 அல்லது 70 விழுக்காடுதான் கடனாகக் கிடைக்கும். அங்கே அப்படி உச்சவரம்பு கிடையாது. கையில் காசில்லாமலும் சிலர் காரோடு வீடு திரும்புகிறார்கள். இரண்டு ஆண்டில் காரின் மதிப்பு மளமளவென்று இறங்கிவிடும், கடன் அதைவிடக் கூடுதலாக நிற்கும்.

"வாங்காமலே இருக்கலாமே" என்று தோன்றும். நான் படிக்கும்போது பரிமாற்றத் திட்டத்தில் ஓர் அமெரிக்கச் சிற்றூரில் ஒரு பருவம் இருந்தேன். பால் வாங்க 40 நிமிடம் நடந்தேன், பாதி வழிக்கு நடைபாதையே இல்லை. எம்ஆர்டி, பேருந்து என்று பழகிய நமக்கு அது புரியச் சற்று நேரமாகும். அங்கே கார் இல்லாதவருக்கு வேலைக்குப் போவதே பெரும்பாடு.

இப்போது நிலவரம் என்ன?

அரசாங்கம் கார்த்துறைக்குக் கொடுத்தது மொத்தம் சுமார் 80 பில்லியன் டாலர். பெரும்பகுதி திரும்பி வந்தது. ஏறக்குறைய 10 பில்லியன் வரவில்லை. போட்டது வீண் என்பவர்களும், அத்தனை வேலைகளைக் காப்பாற்ற அது மலிவுதான் என்பவர்களும் இன்னும் வாதாடுகிறார்கள்.

விலை கொடுத்தவர்களில் புதிய தொழிலாளர்களும் உண்டு. 2007 ஒப்பந்தப்படி புதிதாகச் சேர்ந்தவருக்கு மணிக்கு சுமார் 14 டாலர். பக்கத்தில் நின்று அதே வேலை செய்பவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அந்தப் புகைச்சல் அடங்கவே இல்லை. 2023இல் மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் ஆறு வாரம் கழித்து, நான்கரை ஆண்டில் 25 விழுக்காடு சம்பள உயர்வு கிடைத்தது.

மின்கார்களில் ஃபோர்ட் 2024இல் மட்டும் சுமார் 5 பில்லியன் டாலர் இழந்தது. சாதாரணக் கார்களை அது ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. 2018இல் அறிவித்தபடி, அமெரிக்காவில் மஸ்டாங் தவிர மற்றதெல்லாம் எஸ்யுவி, பிக்கப், வேன். பழைய பாதைதான்.

2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 விழுக்காடு வரி வந்தது. பிறகு ஜப்பான் போன்ற சில நாடுகளுக்குக் குறைத்தார்கள். சீன மின்கார்களுக்கு 2024இலிருந்தே 100 விழுக்காடு வரி. உங்கள் கார்ப்பேட்டையில் நிற்கும் பிஒய்டி, டெட்ராய்ட் கடைகளில் கிடைக்காது.

போட்டியைத் தடுத்தால் விலை இறங்குமா? 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு புதிய காரின் சராசரி விலை முதன்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. அதனால் பலர் இருக்கிற காரையே ஓட்டுகிறார்கள். அந்நாட்டுச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது இப்போது 12 ஆண்டுக்கு மேல். நம்மூரில் 10 ஆண்டில் சிஓஇ முடிந்து, பல கார்கள் அதற்குள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.