ஊருணியில் எந்த ஊர் தண்ணி குடிச்சது?

செட்டிநாட்டைச் சுத்திப் பார்க்க வர்றவங்க பெரிய வீடுகளையும் ஆத்தங்குடி கல்லையும் பார்த்துட்டுக் கிளம்பிடுறாங்க. ஊருக்குள்ளே செம்புறாங்கல் சுவர் கட்டி, படி இறக்கி வெச்சிருக்கிற குளத்துப் பக்கம் அதிகம் போறதில்லை. அதுதான் ஊருணி. ஊரார் உண்ணும் தண்ணீர்.

எங்க பக்கம் வற்றாத ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எல்லாம் மழை பெஞ்சாத்தான் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிச்சு வெச்சாத்தான் சித்திரையைத் தாண்ட முடியும். அதனால பெரியவங்க தண்ணியைத் தரம் பிரிச்சாங்க. கண்மாய் வயலுக்கு, குளிக்க, துவைக்க, மாடு கழுவ வேற குளம், ஊருணி குடிக்க மட்டும்.

நகரத்தார் வீடும் இதே கணக்குதான். சுத்தியிருக்கிற ஓடு உள்வாசலைப் பார்த்துச் சாயும். கூரை கழுவினதும் வர்ற மழைத் தண்ணியை அண்டாவில் பிடிப்பாங்க. மிச்சம் தெரு வாய்க்கால் வழியா ஊருணிக்குப் போகும். பர்மா, மலேயாவில் வட்டித் தொழில் செஞ்சு சம்பாதிச்ச பணத்தில் ஒரு பங்கு கோயில் திருப்பணிக்கும் ஊருணி வெட்டவும் வந்தது.

ஊருணிக்குக் கட்டுப்பாடு உண்டு. செருப்போட இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. தண்ணி கலங்கலா இருந்தா பானைக்குள்ளே தேத்தாங்கொட்டையைத் தேய்ச்சுத் தெளிய வைப்பாங்க, துணியில் வடிகட்டுவாங்க. இதில் மருத்துவமும் இருக்கு. நரம்புச் சிலந்தி நோய் உள்ளவர் புண்ணுக் காலோட இறங்கினா, புழுவின் குஞ்சுகள் தண்ணியில் கலக்கும். அதைத் தின்ன நுண்ணுயிரைக் குடிக்கிறவர் உடம்பில் புழு வளரும். இறங்காம இருந்தாலே, வடிகட்டினாலே போதும், அந்தச் சங்கிலி அறுந்துடும். பல ஆண்டு வேலைக்குப் பிறகு, 2000-இல்தான் இந்தியா அந்த நோய் இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

இதுவரைக்கும் பெருமையான கதை. ஆனா ஊருணிங்கிற சொல்லில் இருக்கிற 'ஊர்' யாருன்னு கேட்டா, கதை மாறும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன், அப்போதைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட தடைகளைப் பதிவு செஞ்சிருக்கார். நம்ம சிவகங்கையும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அவங்க பெண்கள் மண்பானையில்தான் தண்ணி எடுக்கணும். செம்பு, பித்தளைக் குடம் கூடாது. சும்மாட்டுக்கு வைக்கோல்தான், துணி கூடாது. தண்ணி கிடைச்சாலும் அதை எப்படிச் சுமக்கணும்னு இன்னொருத்தர் முடிவு பண்ணியிருக்காங்க.

பிறகு காலம் திரும்புச்சு. 1930-களின் உலகப் பொருளாதார மந்தம், 1942-இல் பர்மாவில் ஜப்பான் படை. கடல் தாண்டி வந்த பணம் சுருங்கிப் போச்சு. அப்புறம் அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி, திருச்சியிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்னு ஒவ்வொண்ணா வந்தது. படித்துறையில் கேட்ட கேள்வியைக் குழாய் கேட்கலை. அதனால குழாயை நான் குறைச்சுப் பேச மாட்டேன்.

ஆனா குழாய் வந்ததும் ஊருணியைப் பார்க்க ஆளில்லாம போச்சு. பல ஊரில் வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. குழாயில் தண்ணி வராத நாளில் கேன் வாங்குறோம். பட்டணத்துக்காரங்களுக்கும் இது புதுசில்லை. 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்ததை நீங்க மறந்திருக்க மாட்டீங்க.

ஊருணியை மீட்கணும்னு இப்போ நிறைய பேர் பேசுறாங்க, சந்தோஷம். வரத்துக்காலை வெட்டணும், ஆக்கிரமிப்பை எடுக்கணும், குளத்தில் செருப்போட இறங்காத பழக்கம் திரும்பணும். பழைய படித்துறைக் காவல் மட்டும் திரும்பக் கூடாது. எல்லாத் தெருப் பானையும் ஒரே படியில் இறங்கினாத்தான் அது ஊருணி.