வளரி: சொல் வாழ்கிறது, எறிந்த கை இல்லை

பூமராங் என்றால் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிட்னிப் பகுதிப் பழங்குடி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்த சொல் அது. அதே வகைக் கருவிக்குத் தென்பாண்டிச் சீமையில் ஏற்கெனவே பெயர் இருந்தது: வளரி.

வளைதடி என்றும் சொல்வார்கள். பெயரே உருவத்தைச் சொல்லிவிடுகிறது: பிறைபோல் வளைந்த குறுந்தடி. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், சிலவேளை இரும்பிலும். ஒரு முனை கனம், மறுமுனை லேசு, வெளிவிளிம்பு கூர். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சுழற்றி வேகமேற்றி விட்டெறிய வேண்டும். புதுக்கோட்டைத் திவான் எழுதி அனுப்பிய இந்த விவரங்களை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் அச்சிட்டார். முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு அப்போதும் எப்போதாவது வளரி எடுத்தார்களாம்; தேர்ந்த கைகள் மட்டும் இல்லை. முயலை வீழ்த்தும் தடி எறிந்தவன் கைக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆஸ்திரேலியரின் வேட்டைத் தடிகளும் பெரும்பாலும் திரும்பாத வகைதான்.

ஆங்கிலேயர் கள்ளர் பெயரை ஒட்டி இதைக் 'காலரித் தடி' என்றார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1795இல் மதுரையில் கம்பெனிப் படையின் இளம் அதிகாரியாக இருந்த அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது. தேர்ந்தவன் கையில் நூறு கெஜத்துக்குள் அது குறி தப்பாது என்று 1830இல் வெளியிட்ட நினைவு நூலில் வெல்ஷ் வியக்கிறார்.

அந்த நட்பை 1801 முறித்தது. பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார்; அவருடைய ஆட்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார்கள், தூத்துக்குடியையும் பிடித்தார்கள். மே மாதம் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். போர் சிவகங்கைக்கு நகர்ந்தது. தனக்கு வளரி கற்றுத்தந்தவரையே காட்டு விலங்கைத் துரத்துவதுபோல் துரத்த நேர்ந்ததை வெல்ஷ் துயரத்தோடு பதிவு செய்கிறார். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலேறினார்கள். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை.

டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்து அறிவிப்பு வெளியிட்டார். சிறுவயதிலிருந்து பழகிவந்தால்தான் கை குறி பார்க்கும். தடி பறிபோன ஊரில் அடுத்த தலைமுறைக்கு யார் பழக்குவது? தர்ஸ்டன் காலத்தில் வல்லவர்கள் கிடைக்காமல் போனதற்கு விதை இங்கே விழுந்தது.

இனி முயல் வேட்டை வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலைக் காப்பது நல்லதே. ஆனால் சிலம்பத்தை மீட்டதுபோல் வளரி வீச்சையும் திடலில் இலக்கு வைத்துப் பழக்கலாம். பாடநூலில் பூமராங் படத்துக்குப் பக்கத்தில் வளரியின் படமும் இடம்பெற வேண்டும். பெயரோடு கருவியையும் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊர்ச் சொத்து என்று புரியும்.