குரைஷா அப்துல் கரீம்

குரைஷா அப்துல் கரீம் (பிறப்பு: 1960), தென்னாப்பிரிக்கத் தொற்றுநோயியல் அறிஞர், பெண்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வின் முன்னோடி. குவாசுலு-நடால் மாகாணத்தின் டோங்காட்டில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார்.

1990களின் தொடக்கத்தில் இவர் நடத்திய மக்கள்தொகை ஆய்வு, பதின்வயதுப் பெண்கள் ஒத்த வயது ஆண்களைவிட மிக அதிகமாக எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாவதைக் காட்டியது. ஆணுறை அணிவது ஆணின் விருப்பத்தைச் சார்ந்தது. எனவே பெண் தன் கையிலேயே வைத்திருக்கக்கூடிய பாதுகாப்பைத் தேடுவதை இவர் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 2002இல் கணவர் சலீம் அப்துல் கரீமுடன் இணைந்து டர்பனில் கேப்ரிசா ஆய்வு மையத்தை நிறுவினார்.

கேப்ரிசா 004 ஆய்வு: டர்பன் நகரிலும் வுலிண்ட்லேலா கிராமப் பகுதியிலும் 889 பெண்கள் இதில் பங்கேற்றனர். டெனோஃபோவிர் மருந்து 1 விழுக்காடு கலந்த பிறப்புறுப்புக் களிம்பை உடலுறவுக்கு முந்தைய 12 மணி நேரத்திற்குள் ஒருமுறையும், பிந்தைய 12 மணி நேரத்திற்குள் ஒருமுறையும் இட வேண்டும். போலிக் களிம்பு பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் தொற்று 39 விழுக்காடு குறைந்தது. முறையாகப் பயன்படுத்தியவர்களிடம் 54 விழுக்காடு. முடிவு 2010இல் வியன்னா எய்ட்ஸ் மாநாட்டில் வெளியானபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் களிம்பு பலன் தரவில்லை. பல பெண்களால் அதைத் தவறாமல் பயன்படுத்த இயலாததே முக்கியக் காரணம். ஆயினும் மருந்தால் தொற்றை முன்கூட்டியே தடுக்கலாம் என்ற கொள்கைக்கு இவ்வாய்வு வலுவான சான்றாயிற்று.

விருதுகள்: 2016இல் லோரியால்-யுனெஸ்கோ விருது, 2024இல் கணவருடன் லாஸ்கர்-புளூம்பர்க் பொதுச்சேவை விருது. வளரும் நாடுகளுக்கான உலக அறிவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரும் இவரே.