ஆலை மதிலுக்கு அப்பால்: கல்நார்த் தூசியும் அயலவரும்

நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதெனவும் வைத்தியர் வினவுதல் வேண்டுமென 1700ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் ரமாசினி வலியுறுத்தினார். தொழில் மருத்துவத்தின் வித்து அவ்வினாவேயாம். எனினும், அவ்வினா மட்டும் போதாதென்பதைக் கல்நாரின் வரலாறு காட்டுகின்றது.

அஸ்பெஸ்டோஸ் எனப்படும் கல்நார் தீயில் வேகாதது, நாராகப் பிரிவது. அதன் தூசி தொழிலாளரின் சுவாசப்பையைக் கெடுத்தலை உணர்ந்த பிரித்தானிய அரசு 1931இல் விதிகள் வகுத்தது. அவ்விதிகள் ஆலை மதிலோடு நின்றன, தூசியோ நிற்கவில்லை.

தென்னாபிரிக்காவிலே, கிம்பர்லி நகருக்கு மேற்கே நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்தன. அப்பகுதி நோயாளர் சிலரின் நெஞ்சுநோய் காசநோய்ச் சிகிச்சைக்கு இணங்கவில்லை. அது சுவாசப்பையைச் சூழ்ந்த சவ்விலே தோன்றும் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோயெனத் தெரியவந்தது. வாக்னர் முதலிய மூவர் 1960இல் வெளியிட்ட கட்டுரையிற் கூறப்பட்ட 33 நோயாளருள் ஒருவரொழிந்த ஏனையோர் கல்நார்த் தூசிக்கு ஆளானவராகக் கருதப்பட்டனர். அவருட் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவரல்லர். அதன் அயலிலே வாழ்ந்தவர்.

1965இல் இலண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்போர் அந்நோயுற்ற 76 பேரின் தொழிலோடு வசிப்பிடத்தையும் ஆராய்ந்தனர். ஒன்பதின்மர் கல்நார்த் தொழிலாளருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். உடையிற் படிந்த தூசியே வீடு புகுந்தது. தொழிலாலும் வீட்டாலும் தொடர்பற்ற 36 பேருள் 11 பேர் கல்நார் ஆலையொன்றிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர். ஒப்புநோக்குதற்குக் கொண்ட பிற நோயாளரிடையே இவ்விகிதம் மிகக் குறைவாயிருந்தது.

இச்சான்று வெளிவந்த பின்னரும் யப்பானின் அமகசாக்கி நகரில், 1957 முதல் நீலக் கல்நாரைக் கொண்டு குழாய் செய்த ஆலை 1975 வரை அதனைக் கைவிடவில்லை. அயலவரின் துயர் 2005இலேதான் ஊரறிய வெளிப்பட்டது. 2008இல் வெளியான ஆய்வின்படி, ஆலையிலிருந்து 300 மீற்றருக்குள் வாழ்ந்த பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் எதிர்பார்க்கத்தக்க அளவின் 41 மடங்காகவும், ஆண்களிடையே ஏறத்தாழ 14 மடங்காகவும் இருந்தது. காற்று வீசிய திசையில் அத்தீங்கு 2,200 மீற்றர் வரை எட்டியிருந்தது. ஆலையில் ஒருநாளும் ஊதியம் பெறாத அயலவர்க்கும் உதவியளிக்கும் சட்டம் 2006இல் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

தூசியைச் சுவாசித்த காலத்திற்கும் நோய் தோன்றும் காலத்திற்கும் இடையே முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிதல் உண்டு. அதற்குள் ஆலை மூடப்படலாம். அயலவர் வேறூர் சென்றிருக்கலாம். ஆதலின் ரமாசினியின் வினாவோடு, இளமையில் வாழ்ந்த இடம் யாது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வைத்தியரின் கடனாகின்றது.