பொஸ்தாரின் மகன்

ஃபெஸ் நகரத்திலிருந்து காலை எட்டரைக்கு வேன் கிளம்பியது. வொலுபிலிஸ், முலாய் இத்ரிஸ், மெக்னெஸ் மூன்றையும் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். என்னோடு வந்த ஸ்பானியத் தம்பதியோடு பேச்சு எப்படியோ விசாவில் வந்து நின்றது. மொராக்கோ வர அவர்களுக்கு விசா வேண்டாம். நான் இணைத்த வங்கி அறிக்கை, ஓட்டல் முன்பதிவு இத்தியாதிகளைச் சொன்னதும் அந்த அம்மா உச்சுக்கொட்டினார். அன்று பார்த்த மூன்று ஊர்களையும் இந்தக் கடுப்போடுதான் பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை மணி நேரத்தில் வொலுபிலிஸ். கோதுமை வயல், ஒலிவ மரங்கள், நடுவே திடீரென்று ரோமானியத் தூண்கள். ஒரு தூணின் உச்சியில் நாரைக்கூடு. எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய அமாஸிக்காரர். "வொலுபிலிஸ் என்பது ரோமானியர்கள் திருத்திக்கொண்ட பெயர். எங்களுக்கு வலிலி, அரளிப்பூ" என்றார். அப்புறம் மொசைக் தரைகள். ஒருவன் கழுதை மேல் திரும்பி உட்கார்ந்து சவாரி செய்கிற மொசைக் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுத்தோம். எண்ணெய்ச் செக்குகள் மட்டும் இங்கே 50க்கு மேல். ஊர் எதை விற்றுப் பிழைத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எனக்கு ஆர்வம் ஒரு கல்வெட்டில். கிளம்புவதற்கு முன் படித்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகணும்.

இந்தப் பகுதியை ஆண்ட யூபா, ரோமிடம் தோற்றுப்போன ஒரு ராஜாவின் மகன். ரோமிலேயே வளர்க்கப்பட்டு, ரோமின் ஆளாக இங்கே அனுப்பப்பட்டவர். மனைவி கிளியோபாட்ரா செலீனி. ஆமாம், அந்தக் கிளியோபாட்ராவுக்கும் மார்க் ஆன்டனிக்கும் பிறந்த மகளேதான். இவர்கள் மகன் தாலமியை கி.பி. 40இல் பேரரசர் கலிகுலா கொன்றார். நாடு ரோமின் மாகாணமானது. தாலமியால் விடுதலை செய்யப்பட்ட முன்னாள் அடிமை ஏடெமோன் கலகத்தில் இறங்கினார். அதை அடக்கும் போரில் வொலுபிலிஸ்காரர் ஒருவர் உள்ளூர்ப் படையைத் திரட்டிக்கொண்டு ரோமின் பக்கம் நின்றார். பெயர் மார்க்கஸ் வலேரியஸ் செவரஸ், பொஸ்தாரின் மகன்.

பொஸ்தார் என்பது பியூனிக் பெயர், கார்த்தேஜ்காரர்களின் மொழி. அப்பா பொஸ்தார், மகன் மார்க்கஸ் வலேரியஸ். மனைவி ஃபேபியா பீரா, இசெல்டாவின் மகள். ஒரே தலைமுறையில் பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. செவரஸ் வகித்த பதவிகளிலும் பாதி பழசு, பாதி புதுசு. 'சூஃபெஸ்' என்ற கார்த்தேஜ் மரபுப் பதவியில் இருந்திருக்கிறார். பிறகு ரோமானிய நகராட்சியின் முதல் பூசாரியும் அவர்தான்.

போர் முடிந்ததும் பேரரசர் கிளாடியஸிடம் தூது போனார். தன் ஊருக்கு அவர் வாங்கிவந்ததைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது: ரோமானியக் குடியுரிமை, குடியுரிமை இல்லாத பெண்களையும் முறைப்படி மணக்கும் உரிமை, பத்து வருட வரிவிலக்கு, போரில் வாரிசில்லாமல் செத்தவர்களின் சொத்து. நகரசபை அவரைக் கௌரவிக்கத் தீர்மானம் போட்டது. செலவை மனைவி ஏற்றுக்கொண்டார். (சபைகள் அன்றும் அப்படித்தான்.)

பேரத்தைப் பாருங்கள். தன் மண்ணுக்காரனுக்கு எதிராகப் படை நடத்தியதற்குக் கிடைத்த கூலி இது. அதே சமயம் குடியுரிமை அவருக்கு மட்டும் வரவில்லை, ஊருக்கே வந்தது. வழிகாட்டியிடம் கேட்டேன்: "நீங்கள் இவரைத் துரோகி என்பீர்களா?"

சிரித்தார். "என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், இத்தாலி வரைக்கும் போய்ச் சண்டை போட்டார். அவரை என்னவென்று சொல்ல?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இந்த செவரஸ் கில்லாடி. எழுதி வாங்கிக்கொண்டார்" என்றார். எனக்கு உடனே புரியவில்லை. பழைய காலனி நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை 1959இல் ஒரு சட்டம் போட்டு பிரான்ஸ் உறையவைத்தது. பக்கத்தில் நின்று சண்டை போட்ட பிரெஞ்சுக்காரருக்கு உயர்ந்துகொண்டே போக, இவர்களுடையது பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது.

ஊரின் நடுவே கரகல்லாவின் வளைவு. பேரரசிலிருந்த சுதந்திர மனிதர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் 212இல் குடியுரிமை கொடுத்த அதே கரகல்லா. நன்றிக்கடனாக ஊர் கட்டியது. 217இல் வேலை முடிந்தபோது அவரே கொலையுண்டிருந்தார். இன்று நாம் பார்ப்பது 1930களில் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கி நிறுத்தியது. மொராக்கோவில் தங்களுக்கு முன்னால் ரோம் இருந்தது என்று காட்ட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

285 வாக்கில் ரோம் கிளம்பிவிட்டது. ஊர் காலியாகவில்லை. இங்கே கிடைத்த லத்தீன் கல்லறைக் கல்வெட்டுகள் 655 வரை வருகின்றன. அவற்றில் ஆண்டைக் கணக்கிடுவது எதிலிருந்து தெரியுமா? தங்கள் நாடு மாகாணமாக்கப்பட்ட வருடத்திலிருந்து. ஆண்டவன் போய் 370 வருடமாகியும் காலண்டர் போகவில்லை. வொலுபிலிஸில் என்னை அசைத்தது தூண்களல்ல, இதுதான்.

எதிர் மலையில் வெள்ளை வெளேரென்று முலாய் இத்ரிஸ். மெக்கா அருகே 786இல் அப்பாஸியருக்கு எதிரான கலகம் தோற்றதும், நபியின் வம்சத்தவரான இத்ரிஸ் ஓர் உதவியாளரோடு தப்பி இந்த வலிலிக்குத்தான் வந்துசேர்ந்தார். அவ்ரபா குலத்தார் ஓடிவந்தவரைத் தலைவராக ஏற்றார்கள். 791இல் இறந்தார். பாக்தாத் அனுப்பிய விஷம் என்பார்கள். அவர் அடக்கமான இடத்தில் எங்களை மரத்தடுப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

மெக்னெஸில் வழிகாட்டி உற்சாகமாகிவிட்டார். சுல்தான் முலாய் இஸ்மாயில் (1672–1727), பிரம்மாண்டமான தானியக் கிடங்கு, 12,000 குதிரைகள், வொலுபிலிஸிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சலவைக்கல். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இஸ்மாயில் தன் கறுப்பினப் படைக்கு ஆள் சேர்த்தபோது, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மொராக்கோக்காரர்களையும் அடிமைகள் என்று பதிவேட்டில் எழுதவைத்தார். நேற்றுவரை சுதந்திர மனிதன், இன்று பேரேட்டில் ஒரு வரி. அது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஃபெஸ் அறிஞர்கள் எதிர்த்தார்கள். கையெழுத்துப் போட மறுத்த அப்துஸ்ஸலாம் ஜஸூஸ் 1709இல் கொல்லப்பட்டார்.

அங்கே பூட்டியிருந்த பாப் மன்சூர் வாசல் முன்னால் அன்று கூட்டம் அம்மியது. ஸ்பானிய அம்மா பீங்கான் கிண்ணம் வாங்கினார். எனக்குப் பேரம் பேசத் தெம்பில்லை.

ஃபெஸ்ஸில் அன்றிரவு மாறிய விடுதியில் போலீஸுக்குப் போகிற படிவத்தை நீட்டினார்கள். 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே. பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அப்பா பெயரை எழுதினேன். வரவேற்பில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, அப்பா பெயரைச் சொல்லி என்னை வரவேற்று, சாவியைக் கொடுத்தான்.